உடைந்த கண்ணாடியைக் கூட்டி எறியாத ஊர்!

நம் வீடுகளில் ஒரு கண்ணாடி டம்ளர் கைதவறி விழுந்துவிட்டால் போதும். சத்தம் அடங்குவதற்குள் அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்துவிடும். ‘யாரும் அசையாதீங்க... செருப்பைப் போட்டுக்கோங்க. ஒரு துண்டு விடாம கூட்டி அள்ளிக் குப்பையில போடுங்க!’ விரிசல் விட்ட முகம் பார்க்கும் கண்ணாடியைக்கூட வீட்டில் வைத்திருக்கப் பாட்டி விடமாட்டார். உடைந்த கண்ணாடி வீட்டுக்கு ஆகாது என்பது நம் ஊர் நம்பிக்கை.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள நார்விச் நகரத்துக்காரர்கள் செய்தது இதற்கு நேர் எதிர். 370 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரும் விபத்தில் தங்கள் ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிகள் சிதறியபோது, தப்பியவற்றை எடுத்துச் சேர்த்தார்கள். பலிபீடத்துக்குப் பின்னால், ஆலயத்துக்குள் நுழையும் யார் கண்ணிலும் முதலில் படும் இடத்தில், மறுபடியும் ஈயம் வைத்துக் கோத்து மாட்டினார்கள். அந்த ஜன்னல் இன்றும் அங்கே இருக்கிறது. காலை வெயில் ஏறும்போது இன்றும் ஒளிர்கிறது.

98 பீப்பாய் வெடிமருந்து

நார்விச் நகரின் சந்தைத் திடலை ஒட்டி நிற்கிறது செயின்ட் பீட்டர் மான்கிராஃப்ட் ஆலயம். பிஷப் அமரும் பேராலயம் அல்ல. அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் வந்து போகும் பங்குக் கோயில்தான். ஆனால், துணி வியாபாரத்தில் செழித்த ஊர் அல்லவா? 1455-ல் கட்டி முடிக்கப்பட்ட இந்தக் கோயிலுக்கு, ஊர் வணிகர்கள் போட்டிபோட்டுக்கொண்டு வண்ண ஜன்னல்களைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள்.

அவர்களில் ஒருவர் ராபர்ட் டாப்ஸ். நான்கு முறை நார்விச் மேயராக இருந்த பெரும் வணிகர். ஜன்னலுக்குப் பணம் கொடுத்தவர், அதன் மூலையில் தானும் குடும்பமும் முழங்காலிட்டு ஜெபிப்பதுபோல ஓவியம் தீட்டச் செய்துவிட்டார். நம் ஊர்க் கோயில்களில் டியூப்லைட்டில்கூட ‘உபயம்’ என்று பெயர் எழுதுகிறோமே, அதே மனசுதான்!

சுமார் இருநூறு ஆண்டுகள் எல்லாம் நன்றாகவே போனது. பிறகு இங்கிலாந்தில் மன்னர் தரப்புக்கும் நாடாளுமன்றத் தரப்புக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. 1648-ல் நார்விச் மேயராக இருந்தவர் மன்னர் பக்கம் சாய்கிறார் என்று நாடாளுமன்றத்துக்குச் சந்தேகம். அவரை லண்டனுக்கு அழைத்துப் போக ஆள் அனுப்பினார்கள். ‘எங்கள் மேயரை அனுப்ப மாட்டோம்’ என்று ஊர் திரண்டது. ஏப்ரல் 24-ம் தேதி கூட்டம் கலவரமாக மாறியது. ஆயுதங்களும் வெடிமருந்தும் வைத்திருந்த கட்டடத்துக்குள் கலவரக்காரர்கள் புகுந்தார்கள். தரையெங்கும் வெடிமருந்து கொட்டிக் கிடந்தது. எங்கிருந்தோ ஒரு பொறி விழுந்தது.

98 பீப்பாய் வெடிமருந்து ஒரே நேரத்தில் வெடித்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். அந்த உள்நாட்டுப் போரிலேயே மிகப் பெரிய வெடிவிபத்து என்று வரலாற்று ஆசிரியர்கள் இதைச் சொல்கிறார்கள். ‘பெரு வெடி’ என்றே ஊரில் அதற்குப் பெயர். அதன் அதிர்ச்சியில், அருகிலிருந்த மான்கிராஃப்ட் ஆலயத்தின் ஜன்னல்கள் நொறுங்கின.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1652-ல், மிஞ்சிய கண்ணாடிகளைக் கிழக்கு ஜன்னலில் பொருத்தினார்கள். வெவ்வேறு ஜன்னல்களில் வெவ்வேறு கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்த துண்டுகள் ஒரே ஜன்னலுக்குள் குடிவந்தன. இன்று அந்த ஜன்னலில் மொத்தம் 42 கட்டங்கள். அவற்றில் ஏழு மட்டும் 19-ம் நூற்றாண்டில் புதிதாகச் செய்தவை. மற்ற 35-ம் ஏறக்குறைய 570 ஆண்டுகள் பழைமையானவை. மேயர் டாப்ஸின் குடும்பமும் அவற்றில் ஒரு கட்டத்தில் பத்திரமாக இருக்கிறது.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. ‘ஆலயங்களில் புனிதர்களின் படமே கூடாது’ என்ற சட்டம் நாட்டில் அமலில் இருந்த காலம் அது. அந்தக் காலத்தில்தான் இவர்கள் படங்களைத் திரும்ப மாட்டினார்கள்!

மணலும் சாம்பலும்

அப்படி என்ன இருக்கிறது அந்தக் கண்ணாடியில்? அது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால், ஒரு துண்டைக்கூடத் தூக்கி எறிய மனம் வராது.

மணலும் மரச்சாம்பலும்தான் மூலப்பொருள்கள். இரண்டையும் உலையில் உருக்கினால் கண்ணாடி. உருகும்போது கோபால்ட் சேர்த்தால் நீலம். தாமிரம் சேர்த்தால் பச்சையோ சிவப்போ. மாங்கனீசு சேர்த்தால் ஊதா. சிவப்புக் கண்ணாடியில் மட்டும் ஒரு சிக்கல். முழுக்கச் சிவப்பாகச் செய்தால் வெளிச்சமே ஊடுருவாத அளவுக்கு இருண்டுவிடும். அதனால், வெள்ளைக் கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புப் படலம் ஒன்றை மட்டும் ஏற்றினார்கள்.

12-ம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற துறவி இந்தத் தொழிலின் படிகளை விளக்கமாக எழுதி வைத்திருக்கிறார். முதலில் சுண்ணாம்பு பூசிய பெரிய மேசையில் முழு அளவில் படம் வரைவார்கள். அதன் மேல் கண்ணாடியை வைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கோடு இழுத்துப் பிளப்பார்கள். ஓரங்களை இரும்புக் கருவியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்து வடிவம் கொண்டுவருவார்கள். முகம், விரல், துணி மடிப்பு எல்லாம் கருநிறச் சாயத்தால் தீட்டப்படும். உலோகத் தூளையும் கண்ணாடித் தூளையும் ஒயினிலோ சிறுநீரிலோ குழைத்த சாயம் அது! தீட்டியதைச் சூளையில் சுட்டால் சாயம் கண்ணாடியோடு ஒன்றிவிடும். கடைசியில், துண்டுகளை ஈயப் பட்டைகளுக்குள் செருகி, முனைகளைப் பற்றவைத்து இணைப்பார்கள்.

14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு வித்தை கைவந்தது. வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியின் பின்புறம் தடவிச் சுட்டால், எலுமிச்சை மஞ்சளில் தொடங்கி ஆரஞ்சு வரை நிறம் இறங்கும். ஒரே துண்டில் வெள்ளை முகமும் பொன்னிறக் கூந்தலும் தீட்டலாம். நிறக் கண்ணாடி பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்ததால் விலை அதிகம். வெள்ளைக் கண்ணாடியிலேயே மஞ்சளைக் காட்டும் இந்த வித்தை நார்விச் பட்டறைகளுக்குப் பெரிய வரமாக அமைந்தது.

அந்தப் பட்டறைகளுக்குத் தனிக் கையெழுத்தும் இருந்தது. தரையோ மரமோ வரைந்தால் பார்லிக் கதிர்போல வரிவரியாகக் கோடு போடுவார்கள். வானதூதர்களுக்கு உடம்பெங்கும் இறகு வைத்த, நாடக வேஷம்போன்ற உடை. எங்கோ ஒரு கிராமத்து ஜன்னலில் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியிருந்தாலும், அதில் இந்தக் கதிர் வரி தெரிந்தால், ‘இது நார்விச் கை’ என்று நிபுணர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

ஏன் உடைத்தார்கள்?

நார்விச்சில் வெடி உடைத்தது. மற்ற ஊர்களில் மனிதர்களே ஏணி வைத்து ஏறி உடைத்தார்கள்.

16-ம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்தது. ‘புனிதர்களின் உருவங்களை வணங்குவது விக்கிரக ஆராதனை’ என்ற குரல் எழுந்தது. 1547-ல் மன்னர் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் வந்த ஆணை, சுவரில் உள்ளவை மட்டுமல்ல, கண்ணாடி ஜன்னலில் உள்ளவையும் போகவேண்டும் என்றது. நூறு ஆண்டுகள் கழித்து, 1643-ல் நாடாளுமன்றமும் அதே நோக்கில் சட்டம் போட்டது.

அதைச் செயல்படுத்தக் கிளம்பியவர்களில் பெயர்பெற்றவர் வில்லியம் டவுசிங். சஃபோக் மாவட்டத்து விவசாயி. 1643 டிசம்பரில் அவருக்கு அதிகாரக் கடிதம் கிடைத்தது. சஃபோக், கேம்பிரிட்ஜ் மாவட்டங்களில் 250-க்கும் மேற்பட்ட ஆலயங்களுக்குப் போனார். எங்கே எத்தனை உடைத்தோம் என்று நாட்குறிப்பும் எழுதினார். உடைப்பதற்குக் கூலியாக, பொதுவாக ஓர் ஆலயத்துக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் என்று அந்த ஊர்க்காரர்களிடமே வசூலித்தார்!

1644 ஜனவரியில் கிளேர் என்ற ஊரில் மட்டும் ஆயிரம் படங்களை உடைத்ததாக எழுதியிருக்கிறார். அங்கே கிழக்கு ஜன்னலில் இருந்த சூரியனையும் நிலவையும் இறக்கிவிட வேண்டும் என்று உத்தரவும் போட்டார். அந்தச் சூரியனும் நிலவும் இன்றைக்கும் கிளேர் ஆலயத்தின் ஜன்னலில்தான் இருக்கின்றன. ‘சரிங்க, இறக்கிடுறோம்’ என்று தலையாட்டி அனுப்பிவிட்டு, ஊர்க்காரர்கள் சும்மா இருந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

டவுசிங்கைக் கொடியவர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது எளிது. தன் மனசாட்சிப்படி கடவுளுக்கு நல்லது செய்வதாகவே அவர் நம்பினார். இதில் வேடிக்கை என்னவென்றால், எதை அழித்தோம் என்று அவர் எழுதி வைத்த குறிப்புதான், எந்த ஆலயத்தில் என்னென்ன இருந்தன என்று இன்றைய ஆய்வாளர்களுக்குச் சொல்லும் சாட்சி.

காப்பாற்றிய காரணங்கள்

இத்தனைக்கும் தப்பி, இங்கிலாந்தின் ஏராளமான பங்குக் கோயில்களில் இடைக்காலக் கண்ணாடித் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. எப்படி?

முதல் காரணம், மழையும் குளிரும். படத்தை உடைத்துவிடலாம். அடுத்த நிமிடமே ஓட்டை வழியாகக் காற்று வருமே! புதுக் கண்ணாடிக்குச் செலவு அதிகம். வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார் 1577-ல் வெளியான தன் நூலில் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். மற்ற உருவங்களையெல்லாம் அகற்றியாயிற்று. ஜன்னல்களை மட்டும் செலவுக்குப் பயந்து விட்டுவைத்திருக்கிறோம் என்பதுதான் அதன் சாரம்.

இரண்டாவது, உயரம். ஜன்னலின் உச்சியில், கல் சட்டங்கள் பூவிதழ்போலப் பிரியும் இடத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிகள் இருக்கும். ஏணிக்கும் கழிக்கும் எட்டாத இடம். பல ஊர்களில் கீழே எல்லாம் போய்விட்டது. உச்சியில் ஒரு வானதூதர் மட்டும் தப்பித்திருக்கிறார்.

மூன்றாவது, சட்டத்தின் சலுகை. புனிதர்களாகக் கருதப்படாதவர்களின் நினைவாக வைத்த உருவங்களையும் குடும்பச் சின்னங்களையும் 1643 சட்டம் விட்டுவைத்தது. அதனால் சில ஜன்னல்களில் ஒரு விநோதம். கும்பிடப்பட்ட புனிதர் இல்லை. கும்பிட்டுக்கொண்டிருந்த பணக்காரர் மட்டும் இருக்கிறார்!

நான்காவது காரணம்தான் முக்கியமானது. யாரோ ஒருவர் அக்கறைப்பட்டார்.

நார்விச்சுக்குத் தென்மேற்கே ஈஸ்ட் ஹார்லிங் என்று ஓர் ஊர். அங்குள்ள பங்குக் கோயிலின் கிழக்கு ஜன்னலில் மரியாளின் வாழ்க்கைக் காட்சிகள் 15-ம் நூற்றாண்டில் தீட்டப்பட்டவை. அவ்வூர்ச் சொத்துக்கு வாரிசான ஆன் ஹார்லிங் என்ற சீமாட்டியின் காலத்தில் வந்த ஜன்னல் இது. ஆன் மூன்று முறை திருமணம் செய்தவர். முதல் கணவர் சர் வில்லியம் சேம்பர்லேன், இரண்டாம் கணவர் சர் ராபர்ட் விங்ஃபீல்டு இருவருமே போர்க்கவசத்தோடு இதே ஜன்னலில் முழங்காலிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கண்ணாடிகளைக் கழற்றி ஊர் மாளிகையில் ஒளித்துவிட்டார்கள். தூய்மைவாதிகளிடமிருந்து காப்பாற்றத்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். 1736-ல் அவை கண்டெடுக்கப்பட்டு ஆலயத்துக்குத் திரும்பின. 1939-ல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும், குண்டுவீச்சுக்குப் பயந்து மறுபடியும் கழற்றினார்கள். வீண் பயமில்லை. 1942 ஏப்ரலில் நார்விச் நகரம் ஜெர்மானிய விமானங்களின் குண்டுகளால் கடுமையாகத் தாக்கப்பட்டது. போர் முடிந்து, 1947-ல் கண்ணாடிகள் மீண்டும் ஜன்னலேறின.

இரண்டு முறை கழற்றி, இரண்டு முறை திரும்ப மாட்டியிருக்கிறார்கள். அந்த ஜன்னல் இன்று கண்முன் இருப்பது அவர்களால்தான்.

ஒட்டுவதா, விடுவதா?

துண்டுகள் கிடைத்துவிட்டன. அவற்றை என்ன செய்வது? இதற்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு பதில் சொன்னது.

1642-ல் வின்செஸ்டர் பேராலயத்தின் பெரிய மேற்கு ஜன்னலைப் படைவீரர்கள் நொறுக்கினார்கள். 1660-ல் மன்னராட்சி திரும்பிய பிறகு, பொறுக்கி வைத்த துண்டுகளை அதே ஜன்னலில் பதித்தார்கள். பழைய படத்தைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. ஆகவே, கிடைத்ததைக் கிடைத்தபடி கோத்தார்கள். நம் பாட்டிகள் கிழிந்த சேலைத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒட்டுப்போர்வை மாதிரி! எங்கோ ஒரு முகம், எங்கோ ஒரு கிரீடம். தூரத்திலிருந்து பார்த்தால் நவீன ஓவியம்போல இருக்கிறது.

19-ம் நூற்றாண்டுக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. ‘பழசு மங்கிவிட்டது, புதிதாகவே செய்துவிடலாம்’ என்றார்கள். அதே வின்செஸ்டரில் உள்ள கல்லூரிச் சிற்றாலயத்தின் ஜன்னல்களைச் சீர்செய்ய 1820-களில் அனுப்பினார்கள். திரும்பி வந்தவை பளபளப்பான நகல்கள். அசல் கண்ணாடிகள் சிதறிப் பலர் கைக்குப் போய்விட்டன. அவற்றில் சில 20-ம் நூற்றாண்டில்தான் கல்லூரிக்குத் திரும்பின.

அதனால் இன்றைய நிபுணர்கள் மிகவும் நிதானமாக நடக்கிறார்கள். இல்லாத முகத்தைக் கற்பனையில் வரைந்து சேர்ப்பதைக் கூடியவரை தவிர்க்கிறார்கள். செய்யும் எந்த வேலையையும் பின்னால் வருபவர்கள் பிரித்து மாற்ற முடியவேண்டும் என்பது அவர்களின் விதி.

இப்போது கவலை சுத்தியலைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி. மரச்சாம்பலில் செய்த கண்ணாடியை ஈரம் மெதுவாக அரிக்கும். மேற்பரப்பில் அம்மைத் தழும்புபோலக் குழி விழும். தீட்டிய கோடுகள் உதிரும். ஒரு முகம் மெல்ல மெல்ல வெறும் கண்ணாடியாகிவிடும். இதைத் தடுக்க, பழைய கண்ணாடிக்கு வெளியே சாதாரணக் கண்ணாடி ஒன்றைப் பொருத்தி, இடையில் காற்றோட்டம் விடுகிறார்கள். மழையை வெளிக்கண்ணாடி வாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பது உலர்ந்தே இருக்கும். ஆனால், செலவு அதிகம். சின்னக் கிராமத்துக் கோயிலுக்குக் கூரை ஒழுகுவதைச் சரிசெய்யவே நிதி திரட்ட வேண்டியிருக்கும். கூரையா, கண்ணாடியா என்ற கேள்வியும் அங்கே எழும்.

கண்ணாடி வழியுமா?

‘பழைய ஆலய ஜன்னல்களில் கண்ணாடி கீழ்ப்பக்கம் தடிமனாக இருக்கும். கண்ணாடி உண்மையில் திரவம், நூற்றாண்டுகளாக மெதுவாக வழிந்து இறங்குகிறது’ என்று நீங்களும் கேள்விப்பட்டிருக்கலாம். அது கட்டுக்கதை! சாதாரண வெப்பநிலையில் கண்ணாடி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வழிய, பிரபஞ்சத்தின் வயதுகூடப் போதாது என்கிறது அறிவியல் கணக்கு. அந்தக் காலத்தில் ஊதியும் சுழற்றியும் தகடாக்கியதால், கண்ணாடி எங்கும் ஒரே தடிமனில் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

உடைந்த ஜன்னலை வாசிப்பது எப்படி?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போகும் பெற்றோர் இப்போது பலர். லண்டன் பாலத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், வழியில் ஒரு பழைய பங்குக் கோயில் திறந்திருந்தால் உள்ளே போய்ப் பாருங்கள்.

முதலில் ஈயக் கோடுகளைக் கவனியுங்கள். அசல் கோடு உடலின், உடையின் விளிம்போடு போகும். முகத்துக்குக் குறுக்கே ஓடும் கோடு, பிற்காலத்தில் உடைந்து ஒட்டிய தழும்பு.

அடுத்து நிறம். பக்கத்துத் துண்டைவிட ஒன்று மட்டும் பளிச்சென்று வழுவழுப்பாக இருந்தால், அது பின்னால் சேர்த்ததாக இருக்கலாம். எழுத்துகள் தலைகீழாக நின்றால், வேறு ஜன்னலிலிருந்து வந்த துண்டைத் தெரியாமல் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கடைசியாக, உச்சியைப் பார்க்க மறக்காதீர்கள். ஒருவேளை, ஏணிக்கு எட்டாத வானதூதர் அங்கே காத்திருப்பார்.

நேரில் போகமுடியாதவர்களுக்கும் வழி உண்டு. இரண்டாம் உலகப்போரின் அழிவுக்குப் பிறகு, இருக்கும் இடைக்காலக் கண்ணாடிகளையெல்லாம் பதிவு செய்துவிட வேண்டும் என்று பல நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். ‘கார்ப்பஸ் விட்ரியாரம்’ என்பது அந்தத் திட்டத்தின் பெயர். அதன் பிரிட்டன் கிளை எடுத்த படங்களைக் கைபேசியிலேயே பார்க்கலாம். இரண்டு விரலால் பெரிதாக்கினால், ஓவியரின் தூரிகை இழுத்த ஒவ்வொரு கோடும் தெரியும். தரையில் நின்று அண்ணாந்து பார்த்த அந்தக் காலத்துப் பக்தர்களுக்குக்கூடக் கிடைக்காத வசதி இது!

மான்கிராஃப்ட் ஆலயத்தில் 1652-ல் ஏணி மேல் ஏறி அந்தத் துண்டுகளைக் கோத்த தொழிலாளி, தான் வரலாற்றைக் காப்பாற்றுவதாக நினைத்திருக்க மாட்டார். உடைந்ததை எறிய மனம் வராமலும் இருந்திருக்கலாம். புதுக் கண்ணாடிக்குக் காசு இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால், அந்த ஒரு வேலையால்தான் மேயர் டாப்ஸின் குடும்பம் இன்றைக்கும் அந்த மூலையில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை வீட்டில் டம்ளர் உடைந்தால், அம்மா சொல்வதையே கேளுங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு, ஒரு துண்டு விடாமல் கூட்டி அள்ளிப் போட்டுவிடுங்கள். ஆனால், வீடு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து இறங்குமே, தாத்தாவின் சட்டம் உடைந்த போட்டோ... அதைக் குப்பைக்கு அனுப்பும் முன், ஒரு நிமிடம் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.